ஓட்டை போடாத கேன்

ஞாயிற்றுக்கிழமை காலை. அடுப்பின் பின்பக்க பர்னரில் ஒரு இரும்புக் கம்பி காய்ந்துகொண்டிருந்தது. முன்பக்க பர்னரில் டீக்குத் தண்ணீர். கம்பியின் நுனி சிவந்ததும் அவள் கணவர் மரப்பிடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு ஓடுவார். அங்கே காலி கேன்கள் தலைகீழாக வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றின் அடியிலும் கம்பியை வைத்து அழுத்துவார். ‘புஸ்’ஸென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, விரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. மறுபடி ஓடி வந்து கம்பியை அடுப்பில் வைப்பார். நுனியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உருகி அடுப்பின் மேல் சொட்டிக் கருகும்.

“இது சமையக்கட்டா, பட்டறையா?” என்றாள் அவள்.

“ரெண்டும்தான். ஒரே வாடகையில ரெண்டு கிடைச்சிருக்கு, சந்தோஷப்படு.”

“அடுப்பக் கொஞ்சம் பாருங்க. ஊர்ல உள்ள கக்கூஸெல்லாம் நம்மால பளபளன்னு இருக்கு. நம்ம அடுப்பு மட்டும் தார் ரோடு மாதிரி கெடக்கு.”

“அடுத்த ஞாயித்துக்கிழமை நானே தேய்ச்சுத் தர்றேன். இதுக்கு எந்த மருந்து போடணும்னு எனக்குத் தெரியும்.”

“அந்த ஞாயித்துக்கிழமை எந்தக் காலண்டர்ல வருதுன்னு சொல்லுங்க. அந்தக் காலண்டரையே வாங்கி மாட்டிடறேன்.”

அவர் சிரித்துக்கொண்டே கம்பியைத் தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது இரண்டு பர்னரிலும் தீ சுருங்கி, நீலப் பொட்டு மாதிரி ஆகியிருந்தது.

“சிலிண்டர் தீரப்போகுது. டீயா கம்பியா, ஒண்ணு சொல்லுங்க.”

“டீ,” என்றார் யோசிக்காமல்.

பின்பக்க பர்னரை அணைத்தாள். அவர் அரைச்சூட்டில் இருந்த கம்பியோடு போய்க் கடைசிக் கேனில் வைத்து அழுத்திப் பார்த்தார். கம்பி உள்ளே இறங்கவில்லை. கேனின் அடியில் பழுப்பாக ஒரு குழி மட்டும் விழுந்தது. குழிக்கு ஒரு பக்கம் பிளாஸ்டிக் இழுபட்டு வால் மாதிரி நீண்டு நின்றது.

“சூடு பத்தல. இது எலிக்குஞ்சு மாதிரி ஆயிடுச்சு,” என்று அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். பார்த்தால் நிஜமாகவே எலிக்குஞ்சு மாதிரிதான் இருந்தது. அந்தக் கேனை மட்டும் தனியாகச் சுவரோரம் கவிழ்த்து வைத்தார். பிறகு இரண்டு பேரும் பின்வாசல் படியில் உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

அவர் கேனுக்கு ஓட்டை போட்ட கடைசி நாள் அதுதான்.

சின்னத் தொழில்தான். அலுவலகங்கள், கடைகள், ஒரு கிளினிக், இரண்டு பள்ளிக்கூடங்கள் என்று சுத்தம் செய்யப் போவார்கள். ஒரு பழைய வேன், அவர், அவள், அவருடைய தம்பி, கூலிக்கு வரும் சில பெண்கள். தம்பிக்கு வேன் ஓட்டுவதும் கட்டடக்காரர்களிடம் பேசுவதும் வேலை. ஆள் பேசினால் கல்லும் தலையாட்டும் என்று அண்ணனுக்குப் பெருமை. மருந்து மட்டும் அண்ணன் பொறுப்பு. ஆசிட், பிளீச், எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கிற காரம் எல்லாவற்றையும் மருந்து என்றுதான் சொல்வார். பிளீச் கேன் கழுத்தில் சிவப்பு பெயின்டில் ஒரு பட்டை. ஆசிட் கேனுக்குக் கறுப்பு. லேபிள் ஈரத்தில் உரிந்துவிடும், பெயின்ட் உரியாது என்பார்.

கேன் காலியானால் மூன்று தடவை கழுவ வேண்டும். கழுவின தண்ணீரை மண்ணில் கொட்டக் கூடாது, அதே மருந்து கரைக்கிற அடுத்த பக்கெட்டில் ஊற்ற வேண்டும். மூடியைத் தனியாகப் போட வேண்டும். அடியில் ஓட்டை போட்டு, லேபிளைக் கிழித்து, ஊருக்கு வெளியே இந்த மாதிரிக் கழிவுகளை வாங்குகிற மையத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஓட்டை போடாத காலி கேன் வாசலைத் தாண்டக் கூடாது.

இதனால் கெட்ட பெயர்தான் அதிகம் வந்தது. நல்ல கனமான கேன்கள் அவை. பக்கத்து வீட்டுக்காரர்கள் தண்ணீர் பிடித்து வைக்கக் கேட்டார்கள். பழைய சாமான் வாங்குகிறவன் கேட்டான். ஒருவருக்கும் கொடுக்க மாட்டார். “சும்மா தூக்கிப் போடுறத ஒருத்தருக்குக் குடுத்தா கை தேய்ஞ்சா போகும்?” என்று முகத்துக்கு நேரே கேட்டவர்கள் உண்டு. தொழில் தொடங்கின புதிதில் ஒரு டீக்கடையில், தான் வாரக்கணக்கில் சுமந்த ஆசிட் கேன் ஒன்றில் குடிதண்ணீர் வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறார். அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம். வேலைக்கு வரும் பெண்கள் அவருக்கு ‘ஓட்டை அண்ணன்’ என்று பெயர் வைத்தார்கள். முன்னால் சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். “ஓட்டை வாயிக்கு ஓட்டை அண்ணன் தேவல,” என்று ரேடியோவைப் பார்த்துச் சொல்வார். ரேடியோ என்பது அந்தப் பெண்களில் ஒருத்தி. துடைப்பத்தைக் கையில் எடுத்தால் பேச்சை ஆரம்பிப்பாள், வைத்தால்தான் நிறுத்துவாள்.

திங்கட்கிழமை தம்பி கேன்களை வேனில் ஏற்றிக்கொண்டு மையத்துக்குப் போனான். சாயங்காலம் அண்ணன் பின்வாசலில் நின்று தேடினார்.

“சுவரோரம் ஒண்ணு கவுத்து வெச்சிருந்தேனே, எங்கடா?”

“அதையும் போட்டாச்சுண்ணா.”

“ஓட்டை போடாமலா?”

“அங்கயே ஸ்க்ரூடிரைவரால குத்தித்தான் போட்டேன். உங்க தலமேல சத்தியமா,” என்று தம்பி அண்ணன் தலையில் கையை வைத்தான்.

“தலைய விடுடா. இருக்கிறதே நாலு முடி.”

அவள் துணி மடித்துக்கொண்டே இதைக் கேட்டுச் சிரித்தாள்.

அந்த வாரத்திலேயே அது நடந்தது. அவர்கள் பிடித்து வைத்திருந்த இடங்களிலேயே பெரியது, ஐந்து மாடி அலுவலகக் கட்டடம் ஒன்று. கார்கள் நிற்கும் கீழ்த்தளத்தில் டிரைவர்களுக்கு ஓர் ஓய்வறை, அதை ஒட்டிக் கழிப்பறை. ஜன்னல் கிடையாது, புகைபோக்கி விசிறி எப்போதோ நின்றுபோய்விட்டது. அவரும் ரேடியோவும் அங்கே வேலை செய்தார்கள். பக்கெட்டில் பிளீச் கரைத்தாகிவிட்டது. தரையில் கறை அதிகமாக இருந்ததால் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று மாடிப்படிக்குக் கீழே இருக்கும் தங்கள் அலமாரியைத் திறந்தார். கழுத்தில் சிவப்புப் பட்டையோடு ஒரு கேன் இருந்தது. எடுத்துவந்து ஊற்றினார்.

அதில் இருந்தது ஆசிட்.

பிற்பாடு ரேடியோ சொல்லித்தான் மற்றதெல்லாம் தெரியும். பக்கெட்டிலிருந்து மஞ்சளும் பச்சையுமாக என்னவோ எழுந்தது. அவர் ஒரு கணம் பக்கெட்டைப் பார்த்தார், கேனைப் பார்த்தார். ரேடியோவைக் கழுத்தைப் பிடிக்காத குறையாக வெளியே தள்ளி, “ஓடு, டிரைவருங்கள வெளிய வரச்சொல்லு,” என்றார். அவர் கேனை வெளியே உருட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். பக்கெட்டைச் சாக்கடைத் துவாரத்துக்கு இழுத்துக் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட நினைத்திருக்க வேண்டும். கதவை உடைத்து அவரைத் தூக்கியபோது குழாய் திறந்துதான் இருந்தது. டிரைவர்கள் எல்லாரும் இருமிக்கொண்டு வாசலில் நின்றார்கள். அவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சாவுக்கு வந்தவர்கள் ஒரே வாக்கியத்தைத்தான் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். “அவ்வளவு ஜாக்கிரதையான மனுஷன், ஒரு நிமிஷம் அசந்துட்டாரே.” “ஊருக்கெல்லாம் சொல்லுவாரு, தனக்குன்னு வந்தப்ப மறந்துட்டாரு பாத்தியா.” கேன் கேட்டுக் கிடைக்காத பக்கத்து வீட்டம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “எத்தனை ஓட்டை போட்டு என்னம்மா பிரயோஜனம்,” என்று அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை. அதனாலேயே கையை விடுவித்துக்கொள்ளாமல் அவள் உட்கார்ந்திருந்தாள்.

அவர் போனது ஒரு அடி. அவர் அசட்டையால் போனார் என்பது இன்னொரு அடி. முதல் அடிக்கு யாரையும் கேட்டுப் பயனில்லை. இரண்டாவதற்கு யாராவது பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. இருபது வருஷமாக அந்த மனுஷனோடு குடித்தனம் செய்தவள். உப்பு ஜாடியையும் சர்க்கரை ஜாடியையும் மாற்றி வைத்தால்கூடச் சமையலறைக்குள் வந்து, “இது என்ன விஷப்பரீட்சை?” என்று கேட்கிறவர் ஆசிட்டைச் சிவப்புப் பட்டைக் கேனில் ஊற்றி வைப்பாரா?

வந்தவர்கள் குறைந்தபிறகு ரேடியோ அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் ரேடியோ குரலைத் தாழ்த்திப் பேசி அவள் கேட்டாள்.

“அக்கா, ஒண்ணு சொல்றேன். அந்தக் கட்டடத்துல, கார் நிக்கிற எடத்துக்குப் பின்னாடி மேனேஜருக்கு ஒரு ரூம் இருக்கில்ல? அதுல நம்ம கேனுங்க வரிசையா நின்னுச்சு. சிவப்புப் பட்டை, கறுப்புப் பட்டை, எல்லாம். வாட்ச்மேன் பெரிய டிரம்முல மலிவு ஆசிட் வாங்கி வெச்சிருக்கான், தரைக் கறைக்கு. அத நம்ம கேன்ல பிரிச்சு ஊத்தி மாடி மாடியா வெக்கிறான்.”

“நம்ம கேனா? ஓட்டையில்லாமயா?”

“ஓட்டையிருந்தா எப்படிக்கா ஊத்துவான்?”

“இத ஏன் அவர்கிட்ட சொல்லல?”

ரேடியோ தலையைக் குனிந்துகொண்டாள். “தம்பி சொல்லக்கூடாதுன்னாரு. சொன்னா அண்ணன் சண்டை போடுவாரு, கட்டடம் கைவிட்டுப் போயிடும்னாரு. எல்லாத்தையும் பேசுறவ, அத மட்டும் பேசாம இருந்துட்டேன்.”

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் உலகத்தில் ஓட்டையில்லாத காலி கேன் என்று ஒன்று கிடையாது. சிவப்புப் பட்டை இருந்து, ஓட்டை இல்லாமல், உள்ளே என்னவோ தளும்பினால் அது பிளீச். வேறு எதுவாகவும் இருக்க வழியில்லை. அடுத்தவன் கேனாக இருந்திருந்தால் மூடியைத் திறந்து, முகர்ந்து, ஒரு சொட்டைத் தரையில் விட்டுப் பார்த்திருப்பார். தன் கையால் பெயின்ட் அடித்த கேனை ஏன் சோதிக்கப்போகிறார்? அசந்துபோனவர் செய்த தப்பு அல்ல இது. அவ்வளவு ஒழுங்காக இருந்த ஒருவர்தான் இப்படி ஏமாற முடியும்.

கொழுந்தனைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். அவன் வந்து கதவோரம் நின்றான். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. அண்ணனுக்காக உண்மையாக அழுதிருந்தான், அதில் அவளுக்குச் சந்தேகமில்லை.

“கேன் குடுத்தியா அவங்களுக்கு?”

“எந்தக் கேனு அண்ணி?”

“என்னை ஏன் முழிச்சுப் பாக்குற? ஒரே கேள்வி. குடுத்தியா?”

 அவன் அப்படியே சுவரில் சரிந்து உட்கார்ந்தான். “கழுவித்தான் அண்ணி குடுத்தேன். மூணு தடவ கழுவிட்டுத்தான். மேனேஜர் விடாம கேட்டுக்கிட்டே இருந்தாரு. ‘உங்க அண்ணன் காலி கேனுக்குக்கூடப் பூட்டு போடுறாரு, வேற ஆள் பாக்கட்டுமா’ன்னாரு. காலி கேனுதானேன்னு, வேலை எடத்துல காலியானத வீட்டுக்குக் கொண்டாராம அங்கயே குடுத்தேன். அவங்க அதுல ஆசிட் ஊத்துவாங்கன்னு, நம்ம அலமாரியில கொண்டாந்து வெப்பாங்கன்னு கனவா கண்டேன்?”

“சுவரோரம் கவுத்து வெச்சிருந்தாரே, அதுவுமா?”

அவன் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான்.

“அவர் தலையில கைய வெச்சுச் சொன்னியேடா.”

“அண்ணி, சத்தியமா நான்...”

“சத்தியம் பண்ணாத. இனிமே யார் தலையிலயும் கைய வெக்காத.”

அவன் அவள் காலைப் பிடித்தான். வெளியே சொன்னால் தன்னை உள்ளே போட்டுவிடுவார்கள், கட்டடமும் போய்விடும், இந்த வேலையை நம்பியிருக்கிறவர்கள் நடுத்தெருவில் நிற்பார்கள் என்றான். அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. அவனைத் திட்டவும் இல்லை. கல்யாணமாகி வந்தபோது இவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவன். அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்த உடம்பு.

“நீ கம்பி எண்ணணும்னு நான் கேக்கல. விசாரணையில ஒரே ஒரு வார்த்தை சொல்லு. ‘எங்க அண்ணன் தப்பாக் கலக்கல, அவர் கேன்ல வேற யாரோ ஆசிட் ஊத்தி வெச்சிருந்தாங்க.’ அவ்வளவு போதும். மிச்சத்த நான் எதுவும் கேக்க மாட்டேன்.”

“சொல்றேன் அண்ணி. எங்க அண்ணன் பேரு கெட விடுவேனா?”

விசாரணை அந்தக் கட்டடத்தின் மேல்மாடியில், கூட்டம் போடுகிற அறையில் நடந்தது. நீளமான கண்ணாடி மேசை. வாரத்துக்கு ஒரு தடவை அவளே துடைத்த மேசைதான் அது. நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை. யாரோ கை வைத்த அச்சு ஓரத்தில் தெரிந்தது. துடைக்க வேண்டும் என்று கை தானாக எழுந்தது, மடியில் இருத்திக்கொண்டாள்.

விசாரணைக்கு வந்த அதிகாரி வயதானவர். மரியாதையாகத்தான் பேசினார். மேசை நடுவில் அந்தக் கேன் ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தது. உள்ளே இருந்தது ஆசிட் என்று சோதனையில் தெரிந்துவிட்டது. யார் ஊற்றியது என்பதுதான் கேள்வி.

“எங்ககிட்ட எந்த மருந்தும் கிடையாது சார்,” என்றார் மேனேஜர். இஸ்திரி கலையாத சட்டை, தணிந்த குரல். “சுத்தம் பண்றது முழுக்க அவங்க பொறுப்பு. கேனும் அவங்களுது, பெயின்டும் அவங்க போட்டது. பாவம், ரெண்டையும் மாத்தி ஊத்தி வெச்சிருப்பாரு.”

ரேடியோவைக் கூப்பிட்டார்கள். அவள் கார் நிற்கும் இடத்து அறையைப் பற்றிச் சொன்னாள். அந்த அறையை ஏற்கெனவே திறந்து பார்த்துவிட்டதாகவும், உடைந்த நாற்காலிகள் மட்டும் இருப்பதாகவும் அதிகாரி சொன்னார்.

“வாட்ச்மேன் ஊத்தினத நீங்க கண்ணால பாத்தீங்களாம்மா?”

“ஊத்தினதப் பாக்கல சார். ஊத்தி வெச்சிருந்ததப் பாத்தேன்.”

“பேச ஆரம்பிச்சா நிறுத்தாது சார் இந்தம்மா. எல்லாரும் ரேடியோன்னுதான் கூப்பிடுவோம்,” என்றார் மேனேஜர் சிரித்தபடி. அந்தப் பெயரைத் தாங்கள் வைத்தது இப்படி உதவுவதற்கா என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

அடுத்தது கொழுந்தன். எழுந்து நின்றான். மேனேஜரைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை, கேனையும் பார்க்கவில்லை. எதிர்ச்சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துப் பேசினான்.

“எங்க அண்ணன் மாதிரி ஒரு மனுஷன் கிடையாது சார். தொழில்ல சுத்தம். ஆனா கொஞ்ச நாளா அவருக்கு உடம்பு முடியல. தூக்கம் சரியில்ல. அன்னிக்கு... ஏதோ அவசரத்துல...”

அதோடு அழுதுவிட்டான். அந்த அழுகையும் உண்மைதான். மேனேஜர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

அவள் எழுந்தாள். யாரும் கூப்பிடவில்லை. நேராகப் போய்ப் பையோடு கேனைத் தூக்கிக் கண்ணாடி மேசையில் தலைகீழாக வைத்தாள். பழுப்புக் குழி. பக்கத்தில் வால் மாதிரி இழுபட்ட பிளாஸ்டிக்.

“இது எங்க வீட்டுப் பின்வாசல்ல காலியா இருந்த கேன் சார். ஞாயித்துக்கிழமை இதுக்கு ஓட்டை போட வந்தப்ப சிலிண்டர் தீரப்போச்சு. கம்பி சூடு பத்தல, குழி மட்டும் விழுந்துச்சு. நானே கண்ணால பாத்தேன். மறுநாள் இவன்தான் ஓட்டை போட்டு மையத்துல குடுத்துட்டேன்னு சொன்னான். ஓட்டை எங்க? காலியாப் போன கேன் இந்தக் கட்டடத்துக்கு எப்படி வந்துச்சு, எப்படி நிறைஞ்சுச்சு? இவனக் கேளுங்க.”

 அதிகாரி குனிந்து குழியைப் பார்த்தார், விரலால் பையின் மேலாகத் தடவிப் பார்த்தார். அவர் நம்பிவிட்டார் என்றே அவளுக்குத் தோன்றியது.

“நீங்க எடுத்துக்கிட்டுப் போனீங்களா இத?” என்று கொழுந்தனைக் கேட்டார்.

இப்போதாவது அவன் அவளைப் பார்த்திருக்கலாம்.

“எத்தனையோ கேன் ஏத்துறோம் சார். எது எதுன்னு எப்படி ஞாபகம் இருக்கும்? அண்ணி பாவம், மனசு சரியில்லாம இருக்காங்க.”

முடிந்தது. வேலை செய்தவரின் கவனக்குறைவால் நேர்ந்தது என்று எழுதி முடித்தார்கள். போகும்போது அதிகாரி அவளிடம் தனியாக, “ஒரு குழிய வெச்சு நான் என்னம்மா எழுத முடியும்?” என்றார். சில நாளில் கீழ்த்தளத்துக் கழிப்பறை வாசலில் ஒரு பலகை மாட்டினார்கள். ‘மருந்துகளை ஒன்றோடு ஒன்று கலக்காதீர்கள். கலந்தவர்கள் திரும்பி வருவதில்லை.’ புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் முதல் நாள் அவள் கணவர் சொல்லிவந்த வார்த்தைகள் அவை, எழுத்துக்கு எழுத்து. யார் சொல்லிக்கொடுத்து எழுதினார்கள் என்று அவள் கேட்கவில்லை.

கொழுந்தன் தனியாகப் போய்விட்டான். அந்தக் கட்டடத்து வேலை இப்போது அவன் பெயரில். வேன் அவளிடம் இருந்தது. ஓட்டக் கற்றுக்கொள்ளும்வரை ரேடியோவின் வீட்டுக்காரர் வந்து ஓட்டிக்கொடுத்தார். கிளினிக்கும் ஒரு பள்ளிக்கூடமும் மிஞ்சின. மற்றவர்கள் காரணம் சொல்லாமல் விலகினார்கள். ஒரு கடைக்காரர் மட்டும் மறைக்காமல் சொன்னார்: “தப்பா நெனைக்காதீங்கம்மா. உங்க வீட்டுக்காரரே கலக்கிச் செத்துட்டாருன்னு சொல்றாங்க. எங்களுக்குப் பயமா இருக்கு.” ரேடியோ போகிற இடமெல்லாம் நடந்ததைச் சொல்லித்தான் வந்தாள். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். பிறகு அவர்களும் அசந்துபோய்விட்டார் என்றுதான் சொன்னார்கள். கேட்கிறவர்களுக்கு அதுதான் வசதியாக இருந்தது. ஜாக்கிரதையாக இல்லாததால் ஒருவன் செத்தான் என்றால், ஜாக்கிரதையாக இருந்தால் நாம் சாக மாட்டோம் என்று தைரியமாக வீட்டுக்குப் போகலாம்.

கேன் திரும்பி வந்தது. விசாரணை அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு, உங்கள் பொருள், வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அவள் அதை மூன்று தடவை கழுவி, பழைய இடத்திலேயே, சுவரோரம் கவிழ்த்து வைத்தாள். மற்றக் கேன்கள் ஓட்டை விழுந்து மையத்துக்குப் போயின. அது மட்டும் நின்றது. ஒவ்வொரு தடவையும் ரேடியோ அதைப் பார்ப்பாள், அவளைப் பார்ப்பாள், அதிசயமாக ஒன்றும் கேட்க மாட்டாள்.

மழைக்காலம் முடிந்த சமயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வந்தான். புதுச் செருப்பு. வாசலில் கழற்றிவிட்டு நேராகச் சமையலறைக்கே வந்தான். பழக்கம் போகவில்லை. அடுப்பின் பின்பக்க பர்னரில் கம்பி காய்ந்துகொண்டிருந்தது.

“எப்படி இருக்கீங்க அண்ணி?”

“இருக்கேன்.”

“எத்தனை நாளைக்குப் பேசாம இருப்பீங்க? எனக்கு யாரு இருக்கா உங்கள விட்டா? தூங்க முடியல அண்ணி. நீங்க ரெண்டு அறை அறைஞ்சாக்கூட நல்லாயிருக்கும்.”

“அறைஞ்சுட்டா சரியாயிடும்னு பாக்குறியா?”

“நான் என்ன பண்ணணும், சொல்லுங்க. எது சொன்னாலும் பண்றேன்.”

அவள் அவனைப் பார்த்தாள். மெலிந்திருந்தான். ஒரு கணம் சாப்பிட்டாயா என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போய், சுவரோரம் இருந்த கேனைக் கொண்டுவந்து அவன் முன்னால் தரையில் கவிழ்த்து வைத்தாள். அடுப்பிலிருந்து கம்பியை எடுத்து மரப்பிடியை அவன் பக்கம் நீட்டினாள். நுனி சிவந்திருந்தது.

“குத்திட்டேன்னு சொன்னியே அந்த ஓட்டை. போடு.”

அவன் கம்பியை வாங்கினான். கேனுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தான். பழுப்புக் குழி, எலிக்குஞ்சு வால். நுனியைக் குழிக்கு நேராகக் கொண்டுபோனான். அங்கேயே நிறுத்திக்கொண்டான். பின்வாசலில் கேன் கழுவிக்கொண்டிருந்த ரேடியோ குழாயை மூடினாள். சிவப்பு மெல்ல இருண்டு, சாம்பல் நிறமாகி, கடைசியில் வெறும் இரும்பாக ஆயிற்று. 

“முடியல அண்ணி.”

“தெரியும்.”

கம்பியைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தான்.  வாசலில் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது.

ரேடியோ எட்டிப் பார்த்தாள். “போயிட்டாரா?”

“போயிட்டான்.”

“நான் போடட்டுமாக்கா?”

“வேணாம். நீ அந்த மூடியெல்லாம் பொறுக்கிப் போடு.”

அவள் கம்பியை மறுபடி அடுப்பில் வைத்தாள். இந்தத் தடவை நன்றாகப் பழுக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு குழியின் மேல் வைத்து ஒரே அழுத்து. ‘புஸ்’ஸென்ற சத்தம், புகை, மூக்கைக் கரிக்கும் அந்த நாற்றம். விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்தது, வாலும் உருகிப் போயிற்று. லேபிளைக் கிழித்தாள். மற்றக் கேன்களோடு அதையும் வேனில் ஏற்றினாள். வைத்திருந்து என்ன செய்ய? ஓட்டை போட்ட கேனை வீட்டில் சேர்த்து வைத்தால் அவருக்குப் பிடிக்காது.

உள்ளே வந்து டீக்குத் தண்ணீர் வைத்தாள். கொதிக்கிறதுக்குள் ஈரத்துணியும், எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கிற மருந்தும் எடுத்து அடுப்பின் பின்பக்கத்தைத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு அதைத் தண்ணீர் விட்டுத் துடைத்தெடுத்துவிட்டு, வேனில் இருந்த இன்னொரு மருந்தைக் கொண்டுவந்து தேய்த்தாள். எதைப் போட வேண்டும் என்று அவர் சொல்லவே இல்லை. அந்தக் கறுப்புக் கறை அப்படியேதான் இருக்கிறது.